கார் நம்பர் பிளேட்டைக் காப்பாற்றுவதும் போனால் செய்ய வேண்டியதும்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டு நள்ளிரவில் வீடு திரும்பினோம். மறுநாள் காலை மனைவிதான் முதலில் பார்த்தாள். "என்னங்க, பின்னாடி நம்பரைக் காணோமே?" செம்மண் பாதையில் குலுங்கி எங்கேயாவது விழுந்திருக்கும் என்று நினைத்தேன். சும்மா ஒரு முறை கோயில் திடலுக்குப் போய்ப் பார்த்தால், நான் கார் நிறுத்திய இடத்தில் திருகாணியின் பிளாஸ்டிக் மூடிகள் இரண்டும் புல்லில் கிடந்தன. தானாக விழுகிற பிளேட் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு விழாது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்று மத்தியானமே ஒரு கடையில் புதுப் பிளேட் அடித்து மாட்டிவிட்டு, போலீஸ் பக்கமே போகாமல் வேலையைப் பார்த்தேன்.

இரண்டரை மாதம் கழித்துச் சம்மன் வந்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் விடியற்காலை வேளையில் அதிவேகமாம். அந்த நேரத்தில் நான் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் இருந்தேன், காரோ தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்றது. அதைச் சரிசெய்ய மூன்று தடவை அலைந்தேன். ஒவ்வொரு தடவையும் அரைநாள் சம்பளம் போயிற்று. "பிளேட் திருடு போனது என்கிறீர்களே, ரிப்போர்ட் எங்கே?" என்ற ஒரே கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

புதிதாகக் கார் வாங்கியவர்கள், வெளியூரிலிருந்து தோட்டப்புறத்துக்குக் குடிவந்தவர்கள், இரண்டாம் கை மைவியோ சாகாவோ எடுத்திருக்கும் தம்பி தங்கைகள் இப்படி அலையாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

1. இன்றே பத்து நிமிடம்: படமும் காகிதமும்

திருகாணி வாங்கக் கிளம்பும் முன் இதைச் செய்துவிடுங்கள். காசு செலவில்லை.

கைப்பேசியை எடுத்துக் காரின் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு என்று நான்கு படம் பிடியுங்கள். பிறகு உங்கள் காருக்கு மட்டுமே உரிய அடையாளங்களைக் கிட்டத்தில் எடுங்கள். கதவில் கீறல், பம்பரில் ஒடுங்கிய இடம், பின் கண்ணாடியில் ஒட்டிய வேல் ஸ்டிக்கர், மாற்றிய ரிம் எல்லாமே பிறகு உதவும். என் சம்மனில் இருந்த படத்தில் அதே வெள்ளைக் கார், அதே மாடல், அதே நம்பர். என்னுடையது இல்லை என்று காட்டியது பின் கண்ணாடியின் இடது மூலையில் நான் ஒட்டியிருந்த முருகன் ஸ்டிக்கர்தான். படத்தில் அந்த மூலை காலியாக இருந்தது. சம்மனுக்கு முந்தைய தேதியில் எடுத்த படம் ஒன்று கைப்பேசியில் தற்செயலாகக் கிடைத்ததால் தப்பித்தேன். மகள் பிறந்தநாளன்று எடுத்தது!

அடுத்து கிரான். இப்போது எல்லாரும் வைத்திருப்பது வாகன உரிமைச் சான்றிதழ்தான், நம் வாயில் மட்டும் இன்னும் கிரான். அதில் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் இருக்கும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள், இன்னொன்றைப் படமாகக் கைப்பேசியில் வையுங்கள். மூலக் கிரானைக் காருக்குள் வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. வேண்டாம். காரோடு சேர்த்து அதையும் திருடனுக்கே கொடுத்ததாகிவிடும். கடனில் வாங்கிய கார் என்றால் பிரதி ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும், அதுவே போதும்.

இன்னொரு விஷயம். தனியார் கார் வைத்திருக்கும் மலேசியர்கள் 2023 பிப்ரவரியிலிருந்து ரோட்டெக்ஸ் (சாலை வரி) ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்டத் தேவையில்லை, ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலியில் காட்டினால் போதும். வசதிதான். ஆனால் முன்பெல்லாம் பிளேட்டில் ஒரு நம்பரும் ஸ்டிக்கரில் வேறு நம்பரும் இருந்தால் கண்ணில் படும். இப்போது வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குக் காரின் பெயர், முகவரி எல்லாமே அந்தக் கறுப்புத் தகடுதான்.

2. பிளேட் எப்படி மாட்டியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள்

பெரும்பாலான கார்களில் இரண்டே இரண்டு சாதாரண நாலுமுனைத் திருகாணிகள்தான் இருக்கும். வீட்டில் எல்லாரிடமும் இருக்கும் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு நிமிடத்தில் கழற்றிவிடலாம். சில கார்களில் பிளாஸ்டிக் சட்டம் மாட்டி அதற்குள் பிளேட்டைச் செருகியிருப்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்தச் சட்டத்தின் அடிவிளிம்பை நெம்பினால் ஸ்க்ரூ டிரைவரே தேவையில்லாமல் பிளேட் கையோடு வந்துவிடும். உங்களுடையது அப்படியா என்று இப்போதே நெம்பிப் பாருங்கள்.

"நம்ம ஊரில்தான் எந்தக் கடையிலும் பிளேட் அடிக்கலாமே, எதற்குத் திருடப் போகிறான்?" என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. கடைக்குப் போனால் கடைக்காரர் முகம் பார்ப்பார், கேமரா இருக்கும், சில கடைகளில் கிரான் கேட்பார்கள். இருட்டில் நிற்கும் காரில் இதெல்லாம் கிடையாது. தோட்டத்துச் செம்பனைப் பழக் குலையை இரவில் திருடிக்கொண்டு ஓடுகிறவனுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நம்பர் இருந்தால் போதும்.

3. திருகாணியை மாற்றுங்கள்

மொத்தச் செலவு 30 வெள்ளிக்குள் (ரிங்கிட்), நேரம் அரை மணி. எனக்குத் தெரிந்து மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, நடுவில் குத்துமுனை உள்ள நட்சத்திரத் தலைத் திருகாணி. தலையில் ஆறு முனை நட்சத்திரக் குழி இருக்கும், அதன் மையத்தில் ஊசி போல ஒரு முனை நிற்கும். அதே அளவு ஓட்டை உள்ள பிட் இல்லாமல் திருப்ப முடியாது. ஷாப்பீ, லசாடா இணையக் கடைகளில் நான்கு திருகாணியும் ஒரு பிட்டும் சேர்ந்த பாக்கெட் கிடைக்கும், நான் 12 வெள்ளிக்கு வாங்கினேன். வாங்கும்போது துருப்பிடிக்காத எஃகா என்று பாருங்கள். நம் ஊர் மழைக்குச் சாதாரண இரும்பு ஆறே மாதத்தில் பழுத்துவிடும். பிறகு உங்களாலேயே கழற்ற முடியாது. அளவு தெரியாவிட்டால் பழைய திருகாணி ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஹார்ட்வேர் கடைக்குப் போய்த் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) காட்டுங்கள், அவர் விரலால் உருட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அந்தப் பிட்டைக் காரின் டாஷ்போர்டிலேயே போட்டு வைப்பார்கள். பூட்டையும் சாவியையும் ஒன்றாகத் தொங்கவிட்ட கதைதான். வீட்டுச் சாவிக் கொத்தில் மாட்டுங்கள்.

இரண்டாவது வழி, ஒருவழித் திருகாணி. இறுக்கத்தான் முடியும், கழற்றும் பக்கம் திருப்பினால் டிரைவர் வழுக்கிவிடும். திருடனுக்கு எரிச்சல்தான், ஆனால் ஒருநாள் உங்களுக்கும் அதே எரிச்சல் வரும். பம்பரைக் கழற்ற வேண்டிய சின்ன விபத்து நடந்தால் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது வழி ரிவெட். நம் ஊர்ப் பட்டறைகளில் ரிவெட் கன் இல்லாத பட்டறை இல்லை. தெரிந்த அண்ணன் என்றால் தே தாரிக் டீ ஒன்று வாங்கிக் கொடுத்தே முடித்துக்கொள்ளலாம். டிரில் மெஷின் இருந்தால் ரிவெட்டைச் சில நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்பது உண்மை. ஆனால் நள்ளிரவில் லயத்து வாசலில் டிரில் ஓட்டினால் நாய் முதலில் எழும், பிறகு பாட்டி எழுவார். என் ஓட்டு இதற்குத்தான். பின்பக்கத்துக்கு ரிவெட், முன்பக்கத்துக்கு நட்சத்திரத் திருகாணி. முன் பம்பர் பிளாஸ்டிக் என்பதால் ரிவெட்டை அழுத்தி இறுக்கினால் விரிசல் விடும், என் காரில் விட்டது.

எந்த வழியானாலும் பழைய ஓட்டைகளையே பயன்படுத்துங்கள். எழுத்தின் மேலோ எண்ணின் மேலோ புது ஓட்டை போடாதீர்கள். மூடி போடுவதாக இருந்தால் கறுப்பு மூடி. வெள்ளை மூடி எண்ணை ஒட்டி உட்கார்ந்தால் தூரத்திலிருந்து 3 என்பது 8 போலத் தெரியும், வழியில் நிறுத்தினால் உங்களிடம்தான் கேட்பார்கள்.

4. பிளேட்டின் முதுகு முழுக்க ஒட்டுங்கள்

நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது இது, ஆனால் எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான். திருகாணி திருடனைத் தாமதப்படுத்தும். ஒட்டு அவன் எடுக்கிற பிளேட்டையே உபயோகமில்லாமல் ஆக்கும். நம் ஊரில் அதிகம் அடிக்கும் பிளேட் பிளாஸ்டிக் பலகையில் எழுத்து பதித்தது. அதன் முதுகு முழுவதையும் கனமான இருபக்க ஒட்டுநாடாவால் காரோடு ஒட்டிவிட்டால், நெம்பி எடுக்கும்போது பலகை உடையும். உடைந்த பிளேட்டை மாட்டிக்கொண்டு யாரும் திருட்டு வேலைக்குப் போக மாட்டார்கள்.

செய்முறை எளிது. பிளேட்டைக் கழற்றி, காரின் பரப்பையும் பிளேட்டின் முதுகையும் சோப்புத் தண்ணீரால் கழுவிக் காய வையுங்கள். பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். மெழுகு போட்ட கார் என்றால் இரண்டு முறை துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாடா பிடிக்காது. கார்களுக்கென்று விற்கும் அக்ரிலிக் நுரை நாடாவை வாங்குங்கள். புகைப்படம் மாட்டுகிற மெல்லிய வெள்ளை நாடா வெயிலில் உருகி வழியும். நான்கு ஓரமும் நடுவில் இரண்டு பட்டையும் ஒட்டி, பிளேட்டை வைத்து, உள்ளங்கையால் அரை நிமிடம் நன்றாக அழுத்துங்கள். அப்புறம் திருகாணியைப் போடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது, முழுப் பிடி வர மூன்று நாள் ஆகும். ஆகவே மழை இல்லாத நாளாகப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் கூரைக்குக் கீழே வைத்துச் செய்யுங்கள். நாடா எனக்கு 15 வெள்ளி ஆயிற்று, பாதிச் சுருள் மிச்சம்.

இன்னொரு லாபமும் உண்டு. திடீர் வெள்ளத்தில் முன்பிளேட் பிய்த்துக்கொண்டு போவது நம் நாட்டில் சகஜம். தண்ணீர் வடிந்த பிறகு சாலை ஓரத்தில் யாரோ பிளேட்டுகளைப் பொறுக்கி வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒட்டிய பிளேட் அந்த வரிசையில் போய் நிற்காது.

பாதுகாப்புக்காக என்று பிளேட்டின் மேல் கறுத்த கண்ணாடி மூடியோ, வெளிச்சத்தை எதிரொளிக்கும் ஒட்டுத்தாளோ போடச் சொல்லும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். எண் தெளிவாகத் தெரியாவிட்டால் அதற்கே சம்மன்.

5. நிறுத்தும் இடம்

சுருக்கமாகச் சொல்கிறேன். பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள், ஒரு கை நுழைகிற இடம் மட்டும் இருக்கட்டும். முன்பக்கம் வீட்டு விளக்கைப் பார்க்கட்டும்.

நம் பகுதியில் ஆபத்தான இடங்கள் மூன்று. திருவிழா நாளில் கோயில் திடல். பசார் மாலாம் (இரவுச் சந்தை) நடக்கும் நாளில் பின் சந்து. மூன்றாவது, தொழிற்சாலை பஸ் ஏறுகிறவர்கள் காரை விட்டுவிட்டுப் போகும் தோட்டத்து முச்சந்தி. விடியற்காலை ஐந்தரைக்குக் காரை விட்டால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவோம். முடிந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே காரில் முச்சந்திக்குப் போங்கள். அல்லது கடைக்குப் பக்கத்தில் நிறுத்திக் கடைக்காரர் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

காரை எடுக்கும் முன் ஒரு சுற்று வந்து பாருங்கள். பிளேட் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, அதில் இருப்பது உங்கள் நம்பர்தானா என்று படியுங்கள். உங்கள் பிளேட்டைக் கழற்றிக்கொண்டு அந்த இடத்தில் வேறொன்றை மாட்டிவிட்டுப் போனால் வாரக்கணக்கில் உங்களுக்குத் தெரியாது. எப்போது போயிற்று என்று நாளும் நேரமும் சொல்லத் தெரிவதுதான் பிறகு உங்களைக் காப்பாற்றும்.

6. போய்விட்டதா? காரைத் தொடாமல் பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) போங்கள்

பிளேட் இல்லாத காரை ஓட்டுவது குற்றம். "ரிப்போர்ட் கையில் இருந்தால் ஒரு வாரம் ஓட்டலாம்" என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். ரிப்போர்ட் நடந்ததைச் சொல்லும் காகிதம், ஓட்டுவதற்கு அனுமதி இல்லை. அட்டையில் கையால் எழுதி ஒட்டிக்கொண்டு கிளம்புவதும் அப்படித்தான். காரை அங்கேயே விடுங்கள். தம்பியின் மோட்டாரில் ஏறிப் போங்கள்.

கிளம்பும் முன் இடத்தைப் படம் எடுங்கள். காலி ஓட்டை, கீழே விழுந்த மூடி, நெம்பிய தடம், சுற்றுப்புறம். பக்கத்தில் கேமரா வைத்த வீடோ கடையோ இருந்தால் அன்றே கேளுங்கள். பல கேமராக்களில் சில நாளில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும்.

கொண்டு போக வேண்டியவை: அடையாளக் கார்டு, கிரான் பிரதி, ஓட்டுநர் உரிமம், நீங்கள் எடுத்த படங்கள். ரிப்போர்ட் கொடுக்கக் கட்டணம் இல்லை. எந்தப் பாலாயிலும் கொடுக்கலாம், எந்த நேரமும் கொடுக்கலாம். பொதுவாக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். மாலை நேரத்தில் விபத்து ரிப்போர்ட்டுக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள், காலை ஏழு மணிக்குப் போனால் சீக்கிரம் முடியும்.

ரிப்போர்ட் மலாயில் தட்டச்சாகும். நீங்கள் சொல்லச் சொல்ல அவர் அடிப்பார். ஆகவே என்ன சொல்லப் போகிறோம் என்று வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மலாய் தடுமாறும் பெரியவர்கள் என்றால் பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்து எழுதச் சொல்லுங்கள். அதில் இருக்க வேண்டியவை: கார் எண், மாடல், நிறம், சேசிஸ் எண், எங்கே நிறுத்தினீர்கள், கடைசியாகப் பிளேட்டைப் பார்த்த நாளும் நேரமும், காணோம் என்று தெரிந்த நாளும் நேரமும், போனது முன்பிளேட்டா பின்பிளேட்டா இரண்டுமா என்பது.

இங்கே ஒரு சொல்லில் கவனம் வேண்டும். "ஹிலாங்" என்றால் தொலைந்தது. "டிச்சூரி" என்றால் திருடப்பட்டது. நாம் பேச்சுவாக்கில் "பிளாட் சாயா ஹிலாங்" என்று சொல்லிவிடுவோம், அதுவே பதிவாகிவிடும். தொலைந்தது என்றால் வழியில் விழுந்தது என்று யாரும் படிக்கலாம். திருகாணி கழற்றப்பட்டிருந்தால் அதை அப்படியே சொல்லுங்கள், படத்தைக் காட்டுங்கள், டிச்சூரி என்று எழுதச் சொல்லுங்கள். பார்க்காததைப் பார்த்ததாக மட்டும் சொல்ல வேண்டாம்.

அச்செடுத்துக் கொடுத்ததும் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். கார் எண்ணை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். ஒரே ஓர் எண் தவறினாலும் அந்தக் காகிதம் வேறு யாருடைய காருக்கோ சொந்தம். தேதியையும் பாருங்கள். நள்ளிரவு தாண்டிய சம்பவங்களில் ஒரு நாள் முன்பின்னாக விழுவது சகஜம். தவறு இருந்தால், "துவான், இந்த இடம் மட்டும்" என்று மரியாதையாகச் சொன்னால் திருத்திக் கொடுப்பார்கள். பிறகு நான்கு பிரதி எடுங்கள். ஒன்று காரில், மற்றவை வீட்டில்.

நான் செய்தது போல இரண்டரை மாதம் விட்டுவிட்டு, சம்மன் வந்த பிறகு போனாலும் ரிப்போர்ட் எடுத்துக்கொள்வார்கள்தான். ஆனால் அதைப் பார்க்கிறவர் மனதில் என்ன ஓடும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

7. புதுப் பிளேட் அடிப்பது

புதியவர்கள் பலர் ஜேபிஜேயில் போய் நின்று புது நம்பர் கேட்கிறார்கள். தேவையில்லை. நம்பர் மாறாது. ரிப்போர்ட்டும் கிரான் பிரதியும் எடுத்துக்கொண்டு கார் அலங்காரக் கடைக்குப் போய், அதே நம்பருக்குப் பிளேட் அடித்துக்கொள்ளலாம். மின்சாரக் கார் வைத்து ஜேபிஜே கொடுக்கும் வெள்ளைப் பிளேட் மாட்டியிருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அது கடையில் அடிப்பதில்லை, அவர்கள் ஜேபிஜேயிடம்தான் போக வேண்டும்.

அளவில் ஏமாறாதீர்கள். காருக்கு ஒவ்வோர் எழுத்தும் எண்ணும் 70 மில்லிமீட்டர் உயரம், 40 மில்லிமீட்டர் அகலம், கோட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர். எழுத்துகளுக்கு நடுவே 10 மில்லிமீட்டர், எழுத்துக் கூட்டத்துக்கும் எண் கூட்டத்துக்கும் நடுவே 30 மில்லிமீட்டர் இடைவெளி. கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. சாய்வெழுத்து, பூவெழுத்து, பெயர் போலப் படிக்க எண்களை நெருக்கி வைப்பது எல்லாம் வேண்டாம். நான் முதல் தடவை அவசரத்தில் போன கடையில், "இதுதான் இப்போ ஸ்டைல் பாஸ்" என்று மெலிந்த எழுத்தில் அடித்துக் கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் சாலைத் தடுப்பில் பிடித்தார்கள். திருடன் கொண்டு போனதை விட அந்த ஸ்டைலுக்குக் கட்டியது அதிகம்.

ஒரு ஜோடிக்கு நான் 50 வெள்ளி கொடுத்தேன். அநேகமாகக் காத்திருந்தே வாங்கலாம், அரை மணி போதும். கிரான் கேட்கும் கடையையே தேர்ந்தெடுங்கள். எதுவும் கேட்காமல் அடித்துக் கொடுக்கும் கடை உங்களுக்குச் சுலபம், உங்கள் நம்பரை அடிக்க நினைக்கிற அடுத்தவனுக்கும் அதே சுலபம்.

ஒன்றுதான் போனது என்றாலும் இரண்டையும் புதிதாக அடித்து, எழுத்து வடிவத்தைப் பழையதிலிருந்து சற்று மாற்றிக்கொள்ளுங்கள், விதிக்குள்ளேயே. என்றைக்காவது படம் வந்தால் அதில் இருப்பது பழைய பிளேட் என்று காட்ட உதவும். புதியதை மாட்டிய அன்றே தேதியோடு படம் எடுங்கள், கடை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

8. மூன்று இடத்தில் பாருங்கள்

அடுத்த ஆறு மாதத்துக்கு, மாதம் ஒரு தடவை உங்கள் நம்பரில் என்ன விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பலர் ஓர் இடத்தில் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். போலீஸ் சம்மன் மைபாயார் தளத்தில் இருக்கும். ஆவாஸ் எனும் சாலையோரத் தானியங்கிக் கேமரா உள்பட ஜேபிஜே சம்மன் மைஜேபிஜே செயலியில் இருக்கும். மூன்றாவது, நகராண்மைக் கழகத்தின் கார் நிறுத்தக் கொம்பாவுண்டு (அபராதம்). இப்போது பார்க்கிங் கட்டணமே நம்பரை வைத்துத்தான் என்பதால், உங்கள் பிளேட்டோடு ஒருவன் ஈப்போவில் நிறுத்திவிட்டுப் போனாலும் கொம்பாவுண்டு உங்கள் பெயரில்தான் ஏறும். தெரியாமல் விட்டால் ரோட்டெக்ஸ் புதுப்பிக்கப் போகிற நாளில் கறுப்புப் பட்டியல் என்று திருப்பி அனுப்பக்கூடும்.

9. உங்களுடையது அல்லாத சம்மன் வந்தால்

கட்டாதீர்கள். 2026 ஜனவரியிலிருந்து போலீஸுக்கும் ஜேபிஜேக்கும் ஒரே முறைதான்: 15 நாளுக்குள் கட்டினால் பாதிக் கழிவு, 30 நாளுக்குள் 33 விழுக்காடு, 60 நாள் தாண்டினால் கோர்ட். பாதி என்றதும் தொலைந்து போகட்டும் என்று கட்டிவிடத் தோன்றும், எனக்கும் தோன்றியது. கட்டினால் அந்தக் காரை நீங்கள்தான் ஓட்டினீர்கள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதே பிளேட்டில் அடுத்த சம்மன் வரும்போது பேச வாய் இருக்காது. அதே சமயம் நாளைக் கடத்தவும் கூடாது. முதல் 15 நாளுக்குள் நேரில் போங்கள்.

போலீஸ் சம்மன் என்றால் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தின் போக்குவரத்துப் பிரிவு, ஆவாஸ் என்றால் ஜேபிஜே. தவறான முகப்பில் நின்று ஒரு காலையை நான் இழந்தேன். முதலில் சம்மனின் தலைப்பைப் படியுங்கள்.

கொண்டு போக வேண்டியவை: ரிப்போர்ட் பிரதி, அடையாளக் கார்டு, கிரான் பிரதி, புதுப் பிளேட் ரசீது, கார் படங்கள். இவற்றோடு அந்த நாளில் நீங்களும் காரும் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு ஏதாவது ஒன்று. வேலை வருகைப் பதிவில் மேற்பார்வையாளர் கையெழுத்து, டச் என் கோ சுங்கக் கார்டின் பயணக் கணக்கு, மருத்துவமனைச் சீட்டு எதுவானாலும் சரி. உங்கள் வருகைப் பதிவு உங்களை மட்டும்தான் காட்டும், காரைக் காட்டாது. "கார் அப்போது யாரிடம் இருந்தது?" என்று என்னிடம் கேட்டார்கள். பக்கத்து வீட்டு மாமாவின் வாசல் கேமராவில் என் காரின் வால் தெரிந்திருக்கும், ஆனால் அந்தப் பதிவு எப்போதோ அழிந்திருந்தது. கடைசியில் கைகொடுத்தது அந்த ஸ்டிக்கர் மூலைதான்.

சம்மனில் உள்ள படத்தைப் பெரிதாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் யாரைப் பார்த்தீர்கள், என்ன தேதி என்று குறித்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் பிரதியில் வரவு முத்திரை வாங்குங்கள். எனக்கு ரத்தானது தெரிய மூன்று மாதம் ஆயிற்று. யாரும் அழைத்துச் சொல்லவில்லை, ஒருநாள் செயலியில் பார்த்தேன், இல்லை.

10. இன்சூரன்ஸ்

பிளேட்டுக்காகக் கிளெய்ம் செய்யாதீர்கள். கிளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்குத் தள்ளுபடி 55 விழுக்காடு வரை ஏறியிருக்கும். 50 வெள்ளிக்காகக் கிளெய்ம் செய்தால் அது அடுத்த ஆண்டு பூஜ்யத்துக்கு இறங்கிவிடும்.

11. பழைய பிளேட்டை என்ன செய்வது

புதியது மாட்டிய பிறகு பழைய பிளேட்டைக் கோழிக்கூண்டுக்கு மறைப்பாக வைப்பதும், கொல்லையில் போடுவதும், கடையிலேயே விட்டுவிட்டு வருவதும் நம் வழக்கம். கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வாருங்கள். எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் ரம்பத்தால் அறுத்து, ஒரு பாதியை இந்த வாரக் குப்பையிலும் மறு பாதியை அடுத்த வாரக் குப்பையிலும் போடுங்கள்.